சோதனை இலக்கம் 1141

புளியங்குளம் சந்தியில் இறங்கி நெடுங்கேணி வீதியில் அரைக் கட்டைத் தூரம் நடந்தால், சுற்றிவரப் பாலைமரமும் நடுவில் நீலக் கண்ணாடியுமாக ஒரு கட்டடம் வரும். முகப்பில் மூன்று மொழிகளிலும் ‘சாளரத் தொகுதிப் பராமரிப்பு மற்றும் தர உறுதிப்பாட்டு நிலையம்’ என்று எழுதியிருப்பார்கள். பஸ் கொண்டக்டர்மாருக்கு அவ்வளவும் சொல்லி முடிக்க நேரமில்லை. ‘கண்ணாடிக் கந்தோர் இறக்கம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே இரண்டு வருடம் வேலை செய்தேன். என்ன வேலை என்று ஓமந்தையில் என் வீட்டாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

விளங்கச் சொல்கிறேன். கந்தோர்களில் கணினியைத் திறந்தால் திரையில் பெட்டி வரும், பொத்தான் வரும், தட்டினால் கீழே விரிகிற பட்டியல் வரும். அந்தப் பெட்டியும் பொத்தானும் பட்டியலும் எங்களுடைய சரக்கு. வீடு கட்டுகிறவர் கல் அரிகிறவரிடம் கல் வாங்குவது போல, படிவம் செய்கிறவர்கள் எங்களிடம் இந்தத் துண்டுகளை எடுத்துப் படிவம் கட்டுவார்கள். கல் உடைந்தால் சுவர் விழும். எங்கள் பட்டியல் உடைந்தால் முழுப் படிவமும் எழுதியது அத்தனையையும் விழுங்கிக்கொண்டு திரையிலிருந்து காணாமற் போகும். அதை நாங்கள் ‘விழுதல்’ என்போம். விழுந்ததைத் திருத்துவது என் வேலை.

நாங்கள் என்றால் நானும் என்னோடு வேலை செய்த றுமைஸும்தான். மற்றவர்கள் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நிர்வாக உத்தியோகத்தர் பத்மாசனி மிஸ் என்னைக் கூப்பிட்டு ஒரு சுற்றறிக்கையில் கையெழுத்து வாங்கினார். அதன்படி எங்கள் சரக்கு எக்காரணம் கொண்டும் விழாது. சில வேளைகளில் அது ‘தற்காலிக ஓய்வு’ எடுக்கும். நான் விழுந்ததைத் திருத்துவதற்கென்று நியமிக்கப்பட்டிருந்தேன், விழுதல் என்று ஒன்று இல்லையென்றும் ஒப்பமிட்டேன். இரண்டு கடதாசியும் ஒரே கோப்பில் இருந்தன.

நிலையத்தின் பெருமை தானியங்கிச் சோதனைகள். ஆயிரத்து நூற்று நாற்பது சோதனைகள் இருந்தன. தொடக்கிவிட்டால் போதும். ஆள் தொடாமலே மவுஸ் அம்பு தானாக ஓடும், பெட்டிகளைத் திறக்கும், பொத்தான்களைத் தட்டும், பட்டியல்களை விரிக்கும், எது சரி எது பிழை என்று எழுதி வைக்கும். எல்லாம் ஓடி முடிய ஒன்பதரை மணித்தியாலம் வேண்டும். மற்ற ஊர்களில் மாலையில் தொடக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். காலையில் வந்து முடிவைப் பார்ப்பார்கள்.

எங்களிடம் இன்னொரு சுற்றறிக்கை இருந்தது. உத்தியோகத்தர் இல்லாத அறையில் கணினி இயங்கக் கூடாது. ஆகவே காலை எட்டரைக்குச் சோதனையைத் தொடக்கி, நானும் றுமைஸும் மாறி மாறிக் காவல் இருந்து, சோற்றுப் பார்சலையும் அதன் முன்னாலேயே அவிழ்த்து, மாலை நாலேகாலுக்கு அணைப்போம். அந்த நேரம் அது தொள்ளாயிரத்து முப்பதாவது சோதனையில் நிற்கும். அடுத்த நாள் திரும்ப முதலாவதிலிருந்து தொடங்கும். நிலையம் தொடங்கி ஆறு வருடம். தொள்ளாயிரத்து முப்பத்தோராவது சோதனை ஓடியதை உயிருள்ள ஒருவரும் கண்டதில்லை. விரிகிற பட்டியல்களுக்கான சோதனைகள் ஆயிரத்துப் பன்னிரண்டில்தான் தொடங்கின.

மாதா மாதம் பணிப்பாளர் குகதாசன் கொழும்புக்கு அறிக்கை அனுப்புவார்: ‘சோதனைகள் 1140. தோல்வி 0.’ ஒரு நாள் துணிந்து கேட்டேன், ஓடாதவற்றை எப்படிக் கணக்கில் சேர்க்கலாம் என்று.

“நிருஷன், வண்டிச் சவாரிக்கு வராத மாடு தோத்துப் போச்சுதெண்டு எங்கையாவது கேள்விப்பட்டனீரோ?” என்றார்.

“இல்லை, சேர்.”

“அப்ப என்ன? தோக்காததெல்லாம் வெற்றிதானே. நீர் நெடுக இல்லாத பக்கத்தைப் பாக்கிறீர். இந்த மண்ணுக்கு இப்ப தேவை நம்பிக்கை.”

இந்த மண் என்று தொடங்கினால் அவர் கதிரையை விட்டு எழுந்துவிடுவார். அவர் எழுந்தால் நாங்களும் எழ வேண்டும். அதோடு கதை முடிந்துவிடும்.

முறைப்பாடுகள் வராமல் இல்லை. எல்லாம் வன்னியிலிருந்தே வந்தன. காணிக் கந்தோர்களில் படிவம் நிரப்பும்போது பாதியில் எல்லாம் மறைந்துவிடுகிறதென்று எழுதியிருப்பார்கள். பணிப்பாளர் அதை ஆராய ஒரு குழு அமைத்து, அதற்குத் தானே தலைவராக இருந்து, ஒரே அமர்வில் முடிவும் கண்டார். காலியில் விழவில்லை, கண்டியில் விழவில்லை, கொழும்பில் விழவில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மட்டும் விழுகிறது. கணினி எல்லா இடத்திலும் ஒன்றுதான், ஆகவே பிழை சனத்தில் இருக்கிறது. முறைப்பாடு எழுதிய ஒவ்வொருவருக்கும் ‘மவுஸைப் பிடிக்கும் சரியான முறை’ என்ற கையேடு படத்தோடு தபாலில் போனது.

இப்படியிருக்க, ஒரு மாதத்தின் பதினாறாம் திகதி வடிவம்மா வந்தார்.

விசுவமடுவிலிருந்து பரந்தனுக்கு ஒரு பஸ், பரந்தனிலிருந்து புளியங்குளத்துக்கு இன்னொரு பஸ். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் பிளாஸ்ரிக் உறைகள் நிறைந்த ஒரு சந்தைப் பை. காவலாளி எவ்வளவோ தடுத்தும் மரத்துக்குக் கீழே இரண்டு மணித்தியாலம் நின்றார். நான் தேத்தண்ணிக்கு வெளியே போனபோது மறித்தார்.

“தம்பி, மெஷினைத் திருத்துற ஆள் நீங்களோ?”

“என்ன மெஷின், அம்மா?”

“காணிக் கந்தோர் மெஷின். கிளாக்கர் சொன்னவர், பிழை புளியங்குளத்தில, அங்க போய்க் கேளுங்கோ எண்டு. நாலு தரம் என்ர போம் நிரப்பினவர். நாலு தரமும் எல்லாம் அழிஞ்சு போச்சு. அவர் ஒரு விரலால அடிக்கிறவர், பாவம். இனி ஏலாதாம்.”

பிறகு மெல்ல மெல்ல முழுக் கதையும் வந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்துக் கலைக்கப்பட்டுத் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். காடு வெட்டிய காணியில் நாற்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறார். கிணறு இருக்கிறது, கச்சான் கடலை போடுகிறார், கடதாசி மட்டும் இல்லை. இப்போது அனுமதிப்பத்திரம் கொடுக்கிறார்கள். முப்பத்தோராம் திகதிக்குள் கணினியில் பெயர் ஏற வேண்டும். ஏறாத காணியெல்லாம் ஆளில்லாக் காணி என்று கணக்கெடுக்கப்படும். பக்கத்துக் காணியில் ஏற்கனவே யாரோ வந்து கயிறு பிடித்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

யாரும் பார்க்காத நேரமாக அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய் என் கதிரையில் இருத்தினேன். எங்களிடமும் பரிசோதிப்பதற்கென்று அந்தப் படிவம் இருந்தது. கந்தோரில் நடந்த மாதிரியே செய்யச் சொன்னேன். பெயர், ஊர், கிணறு, எல்லை என்று அவர் சொல்ல றுமைஸ் அடித்தான். பன்னிரண்டாவது கேள்வி ‘கணவர்’. தட்டினால் பட்டியல் விரிந்தது. அதில் இரண்டே இரண்டு வரி. ‘உயிருடன் உள்ளார்.’ ‘இறந்துவிட்டார்.’

வடிவம்மா பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேசையில் வைத்தார். அவர் கணவர் ராசு இரண்டாயிரத்து ஒன்பதில், யுத்தம் முடிகிற நேரம் காணாமற் போனவர். ஆள் காணக்கிடைக்கவில்லை என்று அரசாங்கமே பதிந்து கொடுத்த கடதாசி அது.

“இதில எதை, அம்மா?” என்று றுமைஸ் கேட்டான்.

“ரெண்டும் இல்லைத்தானே, தம்பி. முந்திக் கடதாசிப் போமில அந்த இடத்தை வெறுமையா விட்டுப்போட்டு இந்தப் பேப்பரைக் குத்திக் குடுப்பம். எடுத்தவை. இப்பவும் விட்டால் எடுப்பினமாம். மெஷின்தான் விடுகுதில்லை.”

றுமைஸ் ஒன்றையும் தெரிவு செய்யாமல் பட்டியலுக்கு வெளியே தட்டினான். படிவம் விழுந்தது. பெயரும் ஊரும் கிணறும் எல்லையும் ஒரு கணத்தில் இல்லை. எங்கள் இருவருக்கும் அப்போதுதான் விளங்கியது. காலியிலும் கண்டியிலும் பட்டியலை விரிக்கிறவர்கள் ஏதோ ஒன்றைத் தட்டுவார்கள், அது மூடிக்கொள்ளும். இங்கேதான் விரித்துப் பார்த்துவிட்டு ஒன்றையும் தட்ட முடியாமல் மூடுகிறவர்கள் இருந்தார்கள். ஒன்றும் தெரிவு செய்யப்படாமல் பட்டியல் மூடினால், ‘எந்த வரி?’ என்று பெட்டி கேட்கும். பதிலுக்கு ஒன்றுமே இல்லாததால் இல்லாததைப் பிடிக்கப் போய் விழும். அந்தப் பட்டியலை முதலில் எழுதியவருக்கு இப்படியும் சனம் இருக்குமென்று தெரியாது.

இரண்டு வரியில் திருத்திவிடலாம். ஒன்றும் தெரிவு செய்யப்படவில்லையென்றால் வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போ, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். வடிவம்மாவின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு, “ஒரு கிழமையில சரி வரும், அம்மா. யோசியாமல் போங்கோ,” என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

நிலையத்தின் நடைமுறைப்படி ஒரு திருத்தம் வெளியே போக இரண்டு விடயம் வேண்டும். பிழை உண்மையிலேயே இருக்கிறதென்று காட்ட ஒரு சோதனை எழுதி, அது தோற்க வேண்டும். திருத்தத்தைச் சேர்த்தபின் அதே சோதனை வெல்ல வேண்டும். உலகத்தில் எல்லா இடத்திலும் இப்படித்தான். நல்ல முறைதான். றுமைஸ் அன்றைக்கே சோதனை எழுதினான். அதுதான் 1141. பட்டியலை விரிக்கும், ஒன்றையும் தெரிவு செய்யாமல் மூடும். விழுந்தால் தோல்வி, விழாவிட்டால் வெற்றி. தனியாக ஓட்டிப் பார்த்தோம், அழகாகத் தோற்றது. சந்தோசத்தோடு பணிப்பாளரிடம் கொண்டு போனேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஆறு வருசமா இந்த நிலையத்தில ஒரு சோதனை தோத்ததில்லை. நீர் தோக்கிறதுக்கெண்டே ஒண்டை எழுதிக் கொண்டு வாறீர்.”

“அது தோத்தால்தான் சேர் பிழை இருக்கெண்டு தெரியும்.”

“பிழை இருக்கெண்டு தெரிய வேணுமெண்டு ஆர் கேட்டது?”

இரண்டாம் நாள் பத்மாசனி மிஸ் ஒரு கடிதம் கொண்டுவந்தார். சோதனை இலக்கம் 1141 என்று விலாசமிடப்பட்டிருந்தது. சேவையில் சேர்ந்த முதல் நாளிலேயே தோல்வியடைந்து நிலையத்தின் நற்பெயருக்குப் பங்கம் விளைவித்தமைக்காக, தமக்கெதிராக ஏன் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கக் கூடாதென மூன்று நாட்களுக்குள் விளக்கமளிக்கவும்.

“மிஸ், இது ஒரு புரோகிறாம்,” என்றேன்.

“தெரியும், தம்பி. ஆனால் இலக்கம் குடுத்தாச்சு. இலக்கம் குடுத்தா கோப்பு இருக்கு. கோப்பு இருந்தா விளக்கம் வேணும். நீங்கள் எழுதித் தாங்கோ, நான் வாசிச்சு விளங்கினன் எண்டு போடுறன்.”

றுமைஸ் எழுதிக் கொடுத்தான். ‘ஐயா, நான் தோற்பதற்காகவே நியமிக்கப்பட்டேன். கடமையைச் சரிவரச் செய்தேன்.’ விசாரணை இருபத்திரண்டாம் திகதி நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் சமுகமளிக்க வேண்டுமென்று மூவர் குழு கேட்டதால், கணினியைக் கழற்றி மாநாட்டு அறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கதிரையில் வைத்தோம். முதற் குற்றமென்பதால் எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் அது முறைப்படி வரிசையில் ஓடினால்தான் முடிவு செல்லுபடியாகும் என்றார்கள்.

வரிசையில் என்றால் 1140 சோதனைகளுக்குப் பின்னால். அது நாலேகாலுக்குப் பிறகு. முன்னால் போடுங்கள் என்று எழுதிக் கேட்டேன். சோதனைகளுக்குச் சேவை மூப்பு உண்டென்றும், இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் சேர்ந்த முதலாவது சோதனையை நேற்று வந்த ஒன்று முந்துவது மற்றச் சோதனைகளின் மனநிலையைப் பாதிக்குமென்றும் பதில் வந்தது. அப்படியானால் ஒரு நாள் மட்டும் மாலை ஆறரை வரை இருக்க அனுமதி தாருங்கள் என்று கேட்டேன். ஆறரை வரை இருந்தால் விளக்குப் போட வேண்டும். விளக்குப் போட வேறு பிரிவின் ஒப்புதல் வேண்டும். அந்தப் பிரிவு யாழ்ப்பாணத்தில் இருந்தது.

இருபத்தைந்தாம் திகதி வடிவம்மா தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, சரி வந்ததோ?”

“வருது, அம்மா. இன்னும் ரெண்டு நாள்.”

“இல்லை, கரைச்சல் தரேல்ல. இண்டைக்கும் ரெண்டு பேர் வந்து வேலிக்கு வெளியில நிண்டு பாத்திட்டுப் போகினம். அதுதான் கேட்டனான்.”

அன்று பின்னேரம் கழிவறைக்குள் போய் நின்று அழுதேன். இரண்டு வரி. அவை என் கணினியில் இருந்தன. விசுவமடு நாற்பது மைல். அந்த இரண்டு வரிகளும் அங்கே போக வழியில்லாமல் நான் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் நின்றேன்.

அப்போதுதான் ஒரு வழி வந்தது. இருபத்தெட்டாம் திகதி ‘தானியங்கிச் சோதனை வாரம்’ தொடக்கி வைக்கக் கொழும்பிலிருந்து மேலதிகச் செயலாளர் வருகிறார். பிரதம விருந்தினர் பழைய சோதனையையா தொடக்கி வைப்பார்? ஆகப் புதியதைத்தான் தொடக்க வேண்டும். ஆகப் புதியது 1141. என் திருத்தத்தைச் சேர்க்காமல் முதலில் ஓட்டினால் எல்லார் முன்னிலையிலும் தோற்கும். பிழை நிரூபணமாகும். அதன்பின் திருத்தத்தைச் சேர்த்து அடுத்த நாளே அனுப்பிவிடலாம். விழாக்குழுவிடம் நான் தோல்வியைப் பற்றிப் பேசவில்லை. புதுமையைப் பற்றி மட்டும் பேசினேன். உடனே சம்மதித்தார்கள்.

அன்று வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு, பாடசாலைப் பிள்ளைகளின் வரவேற்பு நடனம் எல்லாம் இருந்தன. மவுஸை ஒரு தாம்பாளத்தில் வைத்து, சிவப்புப் பட்டு நாடா கட்டி, பொட்டும் வைத்திருந்தார்கள். நான் பணிப்பாளரின் காதுக்குள் சொன்னேன், “சேர், தொடக்கினாப் பிறகு அவர் மவுஸைத் தொடக் கூடாது. அது தானா ஓடுற சோதனை. கை பட்டால் குழம்பிப் போகும்.”

“பிரதம விருந்தினரிட்டக் கையை எடுங்கோ எண்டு சொல்லச் சொல்லுறீரோ?” என்று அவர் சிரித்த முகம் மாறாமல் கேட்டார். படப்பிடிப்பாளர் பக்கத்தில் நின்றார்.

மேலதிகச் செயலாளர் நாடாவை வெட்டினார், தாம்பாளத்தில் கை வைத்தார், தொடக்கினார், படத்துக்காகக் கையை அப்படியே வைத்திருந்தார். அம்பு தானாக நகரத் தொடங்கியது. அவர் திடுக்கிட்டு மவுஸை இறுகப் பிடித்தார். அம்பு ஒரு பக்கம் இழுக்க அவர் மற்றப் பக்கம் இழுத்தார். பட்டியல் விரிந்தது. அவர் பதற்றத்தில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டு ‘இறந்துவிட்டார்’ என்ற வரியில் விழுந்தது. பட்டியல் ஒழுங்காக மூடிக்கொண்டது. ஏதோ ஒன்று தெரிவு செய்யப்பட்டுவிட்டதால் படிவம் விழவில்லை. திரையில் பச்சை எழுத்தில் ‘வெற்றி’ என்று வந்தது. மண்டபம் கைதட்டியது.

“நான் கணினி பற்றி அறியாதவன்,” என்று அவர் ஒலிவாங்கியில் சொன்னார். “இந்தச் சோதனை பல நாட்களாகத் தோற்று வந்ததாக அறிகிறேன். என் கை பட்டதும் வென்றுவிட்டது. அறிவு தேவைப்படும் இடத்தில் அறிவையும், பதவி தேவைப்படும் இடத்தில் பதவியையும் பயன்படுத்த வேண்டும். இங்கே தேவைப்பட்டது பதவி.”

பணிப்பாளர் கண் கலங்கிப் போனார். நான் எழுந்து, அது உண்மையான முடிவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பத்மாசனி மிஸ் என் முன்னால் ஒரு தட்டு கேக்கை நீட்டினார்.

அடுத்த நாள் காலை பணிப்பாளர் என்னையும் றுமைஸையும் கூப்பிட்டார். மேசையில் எங்கள் இரண்டு வரித் திருத்தம் அச்சடித்துக் கிடந்தது. குறுக்கே ஒரு கோடு கீறியிருந்தார்.

“உது தேவையில்லை. நேற்று விடை கிடைச்சிட்டுது. ஏன் விழுந்தது? சனம் ஒண்டையும் தெரிவு செய்யாமல் விட்டதால. செயலாளர் தெரிவு செய்தார், விழேல்ல. அப்ப சனத்துக்காக நாங்களே ஒண்டைத் தெரிவு செய்து வச்சுவிடுவம். பட்டியல் திறக்கேக்கையே ஒரு வரி தெரிவு செய்யப்பட்டிருக்க வேணும்.”

“எந்த வரி, சேர்?”

“உயிருடன் எண்டு வச்சால் அந்த ஆளின்ர அடையாள அட்டை இலக்கம் கேக்கும், கையெழுத்துக் கேக்கும். மற்றதெண்டால் ஒண்டும் கேக்காது. செத்த ஆக்களால நிர்வாகத்துக்கு ஒரு கரைச்சலும் இல்லை. இன்னொரு நன்மையும் இருக்கு. அப்பிடிப் பதிஞ்சால் மற்றக் கந்தோர்ப் பட்டியலுகளிலயும் அந்தப் பேர் தானா நீங்கும். காணாமற் போன ஆக்களைத் தேடுற கந்தோரில எவ்வளவு கோப்பு கிடக்குது தெரியுமோ? அவைக்கும் வேலை மிச்சம்.”

“சேர், அது பொய்,” என்றேன்.

“பொய் இல்லை, நிருஷன். அதுக்குப் பேர் தொடக்கப் பெறுமானம்.”

றுமைஸ் எழுந்தான். “நான் எழுத மாட்டன், சேர்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனான். பணிப்பாளர் அவன் போனதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. என்னிடம் திரும்பி, இது இன்று பின்னேரம் போகும், அல்லது ஒன்றும் போகாது, அடுத்த வெளியீடு சித்திரையில் என்றார்.

என் கதிரைக்கு வந்து உட்கார்ந்தேன். இருபத்தொன்பதாம் திகதி. வடிவம்மாவின் இலக்கம் போனில் இருந்தது. எடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். அதனால்தான் எடுக்கவில்லை. முதலில் காணி கையில் வரட்டும், பிறகு திருத்தலாம் என்று எனக்கு நானே சொன்னேன். பத்மாசனி மிஸும் வந்து அதையேதான் சொன்னார். “எழுதிப்போட்டு விடுங்கோ, தம்பி. பிறகு பாப்பம்.” எழுதினேன். ஒரே வரிதான், என்னுடையதை விடச் சிறியது. பணிப்பாளரின் உத்தரவில் 1141 தனியாகவே ஓடியது, வரிசையைப் பற்றி இந்த முறை ஒருவரும் கேட்கவில்லை. விரித்தது, தொடாமல் மூடியது, விழவில்லை, பச்சை. மூன்று மணிக்கு எல்லாக் கந்தோர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

முப்பதாம் திகதி முழுவதும் ஒரு முறைப்பாடும் இல்லை. முப்பத்தொன்றிலும் இல்லை. வன்னியில் ஒரு படிவமும் விழவில்லை. பணிப்பாளர் எல்லாருக்கும் தேத்தண்ணியோடு றோல்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாம் திகதி பத்து மணிக்குக் காவலாளி வந்து, அந்த அம்மா வந்து நிற்கிறா என்றான். போனேன். வடிவம்மா அதே மரத்துக்குக் கீழே நின்றார். நல்ல சேலை உடுத்திருந்தார். கண் சிவந்திருந்தது.

“காணி பதிஞ்சாச்சு, தம்பி. கிளாக்கர் பிறின்ற் எடுத்துத் தந்தவர். போம் விழேல்ல.”

“சந்தோசம், அம்மா.”

“நேற்றுப் பின்னேரம்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிச்சுச் சொன்னவள்.” உறையிலிருந்து கடதாசியை எடுத்து, விரலால் பன்னிரண்டாவது வரியைத் தொட்டுக் காட்டினார். கணவர்: இறந்துவிட்டார். அதற்குக் கீழே, இறந்த திகதி: 01.01.1970.

அந்தத் திகதியை நான் நினைக்கவே இல்லை. திகதி தெரியாத இடத்தில் கணினி தன்னுடைய நாட்காட்டியின் முதல் நாளைப் போட்டுவிடும். நாங்கள் யாருமே அந்தப் பெட்டியைப் பார்க்கவில்லை. சோதனை பச்சையாக இருந்தது.

“இதில போட்டிருக்கிற வருசம் அவருக்கு ஏழு வயசு,” என்றார் வடிவம்மா. “என்னைக் கலியாணம் முடிச்சது எண்பத்தாறில. திகதி பிழை. அது பரவாயில்லை, கந்தோரில திகதி பிழைக்கிறதுதான். ஆனால் ஆள் இல்லையெண்டு எழுதியிருக்கினமே, அது ஆரோ கண்டபடியாத்தானே எழுதியிருப்பினம். மெஷினுக்கு அறிவிச்சிருப்பினம். பதினாறு வருசமா எல்லாரிட்டயும் கேட்டன், ஒருத்தரும் கண்டன் எண்டு சொல்லேல்ல. இரவு முழுக்க யோசிச்சன். எங்க வச்சுக் கண்டவை, தம்பி? இடத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கோ. நான் போய்ப் பாத்திட்டு வந்திடுவன்.”



“ஒருத்தரும் காணேல்ல, அம்மா,” என்றேன். “உதை எழுதினது நான். ஒண்டும் தெரியாமல் எழுதினனான். போம் விழாமல் இருக்கிறதுக்காக.”

அவர் ஓரடி கிட்ட வந்தார். அடிப்பாரென்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

“அப்ப ஒருத்தரும் காணேல்லையோ?”

“இல்லை.”

அவருடைய தோள்கள் மெல்லத் தளர்ந்தன. கடதாசியை நாலாக மடித்து உறைக்குள் வைத்தார். அவர் முகத்தில் வந்தது ஆறுதல் என்று எனக்கு விளங்கியபோது, நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

“நான் பயந்து போனன்,” என்றார். “அப்ப தேடுற கந்தோரில அவற்ற கோப்பு அப்பிடியே இருக்கும், என்ன? இன்னும் தேடுவினம்தானே?”

“ஓம், அம்மா,” என்றேன்.